காலி எடை

வேலந்தாவளம் எடைமேடைக்கு
இரவு பதினொன்றரைக்கு மேல்
சித்தூர்ப் பக்கத்து வைக்கோல் வண்டி ஒன்றுதான் வரும்.
அதற்குள் முடித்துவிட வேண்டும்.

பென்டிரைவில் பதினொரு பொதிகள்.
எடை ஒன்று, எடை இரண்டு, எடை இரண்டு புதுசு,
எடை நாலு, எடை நாலு சரியானது,
இப்படியே போய்
எடை கடைசி, எடை கடைசிக்கும் கடைசி.
மூன்று இல்லை. தேடியாயிற்று.

"கடைசியை மட்டும் ஏத்திட்டுப் போயேன் கண்ணு,
மத்ததெல்லாம் கழிச்சுப் போட்டதுதானே"
என்றார் காளியண்ணன்.

நான் ஒவ்வொன்றாக அவிழ்க்கிறேன்.
முந்தையதைத் துடைத்து, இதைப் பரப்பி,
என்ன மாறியது என்று களஞ்சியத்தைக் கேட்கிறேன்.
வந்த வரிகள் பச்சை. போனவை சிவப்பு.
அது திருப்பிக் கேட்கிறது:
யார் எழுதியது, எப்போது, எதற்கு.
நூறடி தள்ளிச் சாவடியில்
டார்ச் வெளிச்சமும் ஏறக்குறைய இதையேதான்
தார்ப்பாய்க்குள் கேட்டுக்கொண்டிருக்கிறது.

எழுதியவர் இடத்தில்
என் பெயர் தானாக வந்து நின்றது.
அழித்துவிட்டு ஹபீப் நிஷா என்று அடித்தேன்.
பார்த்ததில்லை. கொழிஞ்சாம்பாறைக்காரர்.
நாலு வருடம் இதே நாற்காலி.
பிறகு ஷார்ஜா என்கிறார்கள்,
இல்லை, ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்தது என்கிறார்கள்.
மின்னஞ்சல் முகவரி இல்லாமல் ஏற்க மாட்டேன் என்றது.
எடைமேடையின் முகவரியைக் கொடுத்தேன்.

தேதிக்கு, கோப்பில் ஒட்டியிருந்த தேதி.
ஒரு பொதி மட்டும்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதில் எழுதியதாகச் சத்தியம் செய்தது.
கடிகாரத்தின் பேட்டரி செத்த வாரமாக இருக்கும்.
அடுத்த பொதிக்கு முந்தின நாளைப் போட்டேன்.
பொய்தான்.
பொய் என்று விளக்கத்தில் எழுதியும் வைத்தேன்.

ஐந்தாவதில் ஒரு பச்சை வரி:
தேங்காய் வண்டி என்றால் நாற்பது கிலோ கழி.
காரணம் எழுதவில்லை.
ஆறாவதிலும் அப்படியே.
ஏழாவதில் அறுபது.
எட்டில் வரி இருக்கிறது, ஓடாதபடி
முன்னால் இரண்டு சாய்கோடு.
பக்கத்தில், ஆங்கில எழுத்தில் கோத்த தமிழ்:
சொன்னாங்க போட்டேன். தூக்கம் வரல எடுத்துட்டேன்.

கடைசியையும் அதற்குக் கடைசியையும் எட்டிப் பார்த்தேன்.
வரி இல்லை, சாய்கோடு இல்லை,
தூங்காத இரவு எதுவும் இல்லை.
துடைத்த தட்டு.

காளியண்ணன் டீ கொண்டுவந்து வைத்தார்.
திரையைப் பார்த்தார்,
எனக்கு மலையாளப் பேப்பர் தெரிவதுபோல
அவருக்கு அது தெரிந்திருக்கும்.
"முடிஞ்சுதா?"
"எட்டு முடிஞ்சுது. இன்னும் மூணு."
"எல்லாமேவா ஏத்தறே?"
டீயில் ஏடு படிந்துவிட்டது.

ஒன்று மட்டும் ஏறவில்லை.
பதினொன்றிலும் இருக்கிறது
'பிறகு' என்ற பெயரில் ஓர் அடைவு.
உள்ளே எதுவுமில்லை.
என்னவோ செய்ய நினைத்திருக்கிறார்.
ஒரு கோப்பாவது இருந்தால்தான்
அடைவு என்று ஒன்று உண்டு களஞ்சியத்துக்கு.
காலியை அது காண்பதேயில்லை.
சாவடியிலும் காலி வண்டியை யார் நிறுத்துகிறார்கள்,
கையைக் காட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆனால் இது எடைமேடை.
இங்கே காலி வண்டிக்குத்தான் முதல் சீட்டு.
அதைக் கழிக்காமல்
எந்தச் சரக்குக்கும் எடை கிடையாது.

ஓர் எழுத்துகூட இல்லாத கோப்பு ஒன்றைச் செய்து
'பிறகு'க்குள் வைத்தேன்.
ஏறிக்கொண்டது.

பத்தாவதை அவிழ்க்கும்போது
மேசை அதிர்ந்தது. வைக்கோல்.
சிவப்பு எண்கள் ஓடின, தயங்கின,
இரண்டு கிலோ முன்னும் பின்னுமாக ஆடின.
டிரைவர் இறங்கிவிட்டாரா என்று எட்டிப் பார்த்தேன்.
இறங்கவில்லை. பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.
அவரையும் சேர்த்தேதான்
நின்றது எண்.